இரண்டு செல்வராசுகளும் ஒரு மேக்ரோவும்

போன தை மாதம் என் பழைய அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. இனிமேல் எல்லாப் பதிவும் இணையத்தில்தான், எக்செல் தாள்களுக்கு விடை கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. எனக்கு வீடு பக்கத்தில் தலத்தெருவில்தான். கூப்பிட்டால் வந்துவிடுவேன் என்று தெரிந்து என்னையும் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். பவானி என்றொரு இளநிலை எழுத்தர் சமோசாத் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், பழைய ஃபைல்ல ஒரு பச்சை பட்டன் இருக்கு. அமுக்குனா பேரெல்லாம் அகர வரிசையில வந்து நிக்குது. நீங்க எழுதுனதுன்னு சொல்றாங்க. கம்ப்யூட்டர் எங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கலம்மா. தெரியாம ஒரு பட்டனை அமுக்கினேன்" என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னது உண்மை. அன்று தேநீர் ஆறுவதற்குள் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

தமிழ்த் தட்டச்சில் மேல்நிலை தேறி, கடற்கரை ஊர்களின் காரியங்களைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தவள் நான். இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச நாளில் எங்களுக்கு ஒரு கணினி வந்தது. அதற்குத் தனி அறை, தனிக் குளிர்சாதனம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். என்னைப் பயிற்சிக்குப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். கணினியை முறைப்படி அணைப்பது எப்படி என்பதை மிக நன்றாகக் கற்றுக்கொண்டு திரும்பினேன். மற்றதெல்லாம் இங்கே வந்து தட்டுத் தடுமாறிக் கற்றதுதான்.

மேக்ரோ என்ற சொல்லை முதலில் பார்த்தது ஒரு மத்தியான வேளையில். ஒவ்வோர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் போகும் அறிவிப்புகளுக்கு முகவரி ஒட்டுத்தாள் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போய், மெனுவில் என்னென்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். 'ரெக்கார்ட் மேக்ரோ' என்று ஒன்று இருந்தது. குரலைப் பதிவு செய்யும் போலிருக்கிறது என்று நினைத்து, அதை அமுக்கிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் குனிந்து "வணக்கம், நான் வசந்தா பேசுறேன்" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. நானும் விட்டுவிட்டு என் வேலையைத் தொடர்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது என் குரலைக் கேட்கவில்லை, என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று. நான் செய்த ஒவ்வொன்றையும் அது எழுதி வைத்திருந்தது. மறுபடி ஓட்டச் சொன்னதும் அடுத்த ஊரின் ஒட்டுத்தாள் தானாகவே விழுந்தது. நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தே நின்றுவிட்டேன்.

அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தவர் எங்கள் மேலதிகாரி சிவஞானம் சார். புதுச்சேரிக்காரர். நகராட்சி அலுவலகத்தை அவர் கடைசிவரை 'மேரி' என்றே சொன்னார், அவருடைய அப்பா காலத்துப் பிரெஞ்சுச் சொல். குரலை உயர்த்தமாட்டார். யாராவது ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்தால், நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்: "சொல்லாதீங்க. காட்டுங்க."

காட்டினேன். ஒட்டுத்தாள் விழுவதை முழுவதும் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார். மறுபடியும் பார்த்தார். பிறகு கேட்ட ஒரே கேள்வி, "தப்பாப் போனா எப்படித் தெரியும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு எழுதிய பதில்தான் என் மீதி வேலைக்காலம் முழுவதும் என்று சொல்லலாம்.

அவர் வகுத்த நடைமுறை இது. மூலக் கோப்பு ஒரு ஃப்ளாப்பியில், அவருடைய பீரோவுக்குள். நான் கைவைப்பது நகலில் மட்டும். புதிதாக எது எழுதினாலும் முதலில் ஒரு சின்ன மாதிரித் தாளில் ஓட்டவேண்டும். அந்த மாதிரிக்கான பெயர்களை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது, அவர்தான் தருவார். "நீங்க குடுத்தா உங்க மேக்ரோவுக்குப் பிடிச்ச பேராக் குடுப்பீங்க" என்பார். எல்லாம் சரியாக ஓடிய பிறகும் அச்செடுத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக. மேலிருந்து படித்தால் பழக்கத்தில் கண் தூங்கிவிடும் என்பது அவர் கருத்து.

பவானி சொன்ன பச்சைப் பட்டன் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். கோட்டுச்சேரிமேடு முதல் பட்டினச்சேரி வரை கடலுக்குப் போகிறவர்கள், மீன் விற்கிறவர்கள் எல்லோருடைய பெயரும் எங்களிடம் இருந்தது. ஆனால் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயர்களை அகர வரிசைப்படுத்தச் சொன்னால் கணினி கோமாளித்தனம் செய்யும். தட்டச்சில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிப்போம். அதனால் செல்வராசு, பெரியசாமி, வெள்ளையன் எல்லோரும் 'கொம்பு' என்ற ஒரே வீட்டுக்காரர்களாக ஓரிடத்தில் குடியேறிவிடுவார்கள். நான் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களை ஒரு மறைவான கட்டத்தில் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்தினேன். பச்சை நிறத்துக்குக் காரணம் ஒன்றும் இல்லை. அன்று நான் கட்டியிருந்த புடவை பச்சை.

பெரிய வேலை சில வருடம் கழித்து வந்தது. கடலுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை தரவேண்டும், பெயர்ப் பட்டியலை யூனிகோடு எழுத்துருவில் அனுப்புங்கள் என்று புதுச்சேரியிலிருந்து உத்தரவு. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்தது. அது முடிந்து படகுகள் இறங்கும்போது எல்லோர் கையிலும் அட்டை இருக்கவேண்டும், அட்டை இல்லாதவரைப் படகில் ஏற்றக்கூடாது என்று படகுக்காரர்களுக்கும் சொல்லியாயிற்று. எங்கள் பட்டியலோ முழுக்கப் பழைய எழுத்துருவில். புதிதாக வந்த கணினியில் அதைத் திறந்தால் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கொட்டிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான பெயர்களை முதலிலிருந்து அடிப்பதற்கு நேரமில்லை.

"யூனிகோடுக்கு மாத்த முடியுமா?" என்று கேட்டார் சார்.

"முயற்சி பண்றேன் சார்."

"சரி. பண்ணிட்டுக் காட்டுங்க."

ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்தை மாற்றுவது சுலபம். ஆனால் யூனிகோடில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் வரவேண்டும். ஆகவே என் மேக்ரோ ஒவ்வொரு கொம்பையும் தூக்கி ஓர் எழுத்தைத் தாண்டி வைக்கவேண்டும். 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் துணைக்கால், இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாக்க வேண்டும். அதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. என்னை உட்கார வைத்தது துணைக்கால்தான். எங்கள் எழுத்துருவில் ரகரமும் துணைக்காலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 'ரி', 'ர்' அடிக்கும்போது கைக்கு எது கிட்டமோ அந்தப் பொத்தானை அடித்துவிடுவார்கள். தாளில் வித்தியாசமே தெரியாது. ஆனால் யூனிகோடுக்கு வந்ததும் மாரியம்மாள் பாதியில் உடைந்து, நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றார். கடைசியில் ஒரு விதி பிடிபட்டது. துணைக்காலின் தலையில் புள்ளியோ கொக்கியோ வராது. வந்தால் அது கால் இல்லை, 'ர'. அதை எழுதி ஓட்டியதும் மாரியம்மாள்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் எழுந்து நின்றார்கள்.

சார் தந்த மாதிரிப் பெயர்களில் வெள்ளையன் இருந்தார், கௌரியும் இருந்தார். கௌரி சரியாக வந்தார். வெள்ளையன் 'வௌ்ளையன்' என்று ஊளையிடுவதுபோல வந்தார். 'கௌ'வின் கடைசியில் நிற்கும் குறியும் 'ள' என்ற எழுத்தும் மேக்ரோவுக்கு ஒன்றாகவே தெரிந்தன. "இவர் கோவிச்சுக்குவாரே" என்றார் சார், சிரிக்காமல். கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னால் வரும் 'ள'வின் மேல் புள்ளி இருந்தால் அதைத் தனி எழுத்தாகவே விட்டுவிடு என்று இன்னொரு வரி சேர்த்தேன். வெள்ளையன் சமாதானமானார். பிறகு நாங்கள் இருவரும் கீழிருந்து மேலாக ஊர் ஊராக வாசித்துச் சரிபார்த்து அனுப்பிவைத்தோம்.

திரும்பி வந்தது எங்கள் பட்டியலின் ஒரு பகுதி. 'இரட்டைப் பதிவு, நீக்கவும்' என்று குறித்திருந்தது. பெரும்பாலும் நியாயம்தான், ஒரே ஆள் இரண்டு தரம் பதிந்திருந்தார். ஆனால் பட்டினச்சேரியில் மாரிமுத்து மகன் செல்வராசு என்று இரண்டு பேர். வயது ஒன்று, தெரு ஒன்று. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று எங்கோ வெளியூரில் எழுதிய மென்பொருள் முடிவு கட்டியிருந்தது. புதுச்சேரியில் அதைக் கவனித்துக்கொண்ட இளைஞருக்குத் தொலைபேசினேன்.

"மேடம், எனக்கும் புரியுது. ஆனா புதுசா ஒரு கட்டம் சேர்க்க என்னால முடியாது. இருக்குற கட்டத்துக்குள்ள எதாச்சும் வித்தியாசம் காட்டுங்க, ஏத்துக்கும்" என்றார்.

இரண்டும் இரண்டு ஆள்தான் என்பதே எனக்கு அதுவரை நிச்சயமில்லை. சாரிடம் சொன்னதும் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

பட்டினச்சேரியில் படகுகள் கரையேறிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் புதுச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள், காற்றெல்லாம் அந்த வாசனை. வலை பின்னும் கூடத்தில், நாட்டார் என்று ஊரில் சொல்லும் பஞ்சாயத்தார் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. நான் எழுந்து, "மாரிமுத்து மகன் செல்வராசு!" என்று கூப்பிட்டேன்.

"நாந்தான்" என்று வலதுபக்கம் ஒரு குரல். "நாந்தான்" என்று இடதுபக்கம் ஒரு குரல். இருவரும் எழுந்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் கட்டை. சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் இல்லை, உறவே இல்லை. ஒரே படகில் போகிற சிநேகிதர்கள்.

உயரமான செல்வராசுவின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "யம்மா, மிஷினு எங்க ஊட்டுக்காரரை இல்லேங்குதாமே, என்னா சொல்றிய? அப்ப நான் தெனமும் யாருக்குக் கொழம்பு வைக்கிறேன்? மிஷினுக்கா?"

"அதுக்குத்தான் வந்திருக்கோம்மா" என்றேன்.

கட்டையான செல்வராசு ஒரு யோசனை சொன்னார். "ஒரு அட்டையே குடுங்க சார். ஒரு நாளு அவன் போறான், ஒரு நாளு நான் போறேன்."

"போட்டோ இருக்குமேய்யா?" என்றார் சார்.

"தொப்பி போட்டுக்குறோம்."

கூடம் சிரித்தது. சார் மட்டும் கண்ணாடியைத் துடைத்தார். "ஊர்ல இவங்களை எப்படிப் பிரிச்சுக் கூப்பிடுவீங்க?"

பஞ்சாயத்தார் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். பிறகு பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பஞ்சாயத்தாரில் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நெட்டையா இருக்கவரு 'சூடு'ங்க. டீயை ஆத்தாமக் குடிப்பாரு. இவரு 'தூங்கி'."

"ஒரே ஒரு நாளு தூங்கிட்டேன் சார்!" கட்டையானவர் கையை உயர்த்தி முறையிட்டார். "படகு போயிருச்சி. அதுக்கு ஆயுசு முழுக்க இந்தப் பேரா? அட்டையிலயும் அடிச்சியன்னா, கடல்ல நிறுத்திக் கேக்குறவன் என்னா நினைப்பான்?"

"அரசாங்க அட்டையில தூங்கின்னு போட முடியாதுப்பா, பயப்படாதீங்க" என்றார் சார். ஆனால் வேறு வழியும் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரில் ஒருவர் கரையில் நிற்கவேண்டியதுதான் என்ற நினைப்பு கூடத்தில் மெல்லப் பரவியது. சிரிப்பு நின்றது. சூடும் தூங்கியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சூடுவின் மனைவி புடவைத் தலைப்பை இறுக்கிச் செருகிக்கொண்டு அங்கேயே நின்றார். எனக்குத் தெரிந்த எந்த விதியாலும் இவர்களைப் பிரிக்க முடியவில்லை.

கூடத்தின் ஓரத்தில் கருவாடு பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி தலையைத் தூக்காமலே பேசினார். "பெத்தவ நான் இங்கதான் குந்தியிருக்கேன். எல்லாரும் ஊரைக் கேக்குறிய. எங்கிட்ட கேட்டா எது எம்மவன்னு சொல்லமாட்டனா?"

அவர் தூங்கியின் அம்மா. பெயர் கேட்டேன். "அஞ்சலை" என்றார். சூடுவின் அம்மா பெயர் காளியம்மாள். எங்கள் படிவத்தில் தாயார் பெயருக்குக் கட்டமே கிடையாது. எத்தனையோ வருடமாக அந்தப் படிவத்தை அடித்தவள் நான்தான், ஒரு நாளும் அது எனக்கு உறைத்ததில்லை.

"சார், முன்னெழுத்து எத்தனை இருக்கலாம்னு எதாவது விதி இருக்கா?" என்று கேட்டேன். "அப்பா எழுத்துக்குப் பக்கத்துல அம்மா எழுத்து. மா.அ. செல்வராசு, மா.கா. செல்வராசு. பேர்க் கட்டத்துக்குள்ளேயே அடங்கிடும்."

சார் பதில் சொல்வதற்குள் பஞ்சாயத்தார் ஒருவர் எழுந்தார். "தப்பா எடுத்துக்காதிய. ஆத்தா பேரை எதுக்குங்க போடணும்? நாளைக்கி அப்பன் பேரு தெரியாதவன்னு எவனாச்சும் பேசிப்புடுவான்." நாலைந்து தலைகள் ஆடின. அவர் பயமும் பொய்யில்லை. அட்டை ஆயுசுக்கும் சட்டைப்பையில் இருக்கும்.

"அப்பா எழுத்துதாங்க முதல்ல நிக்கும். அதை யாரும் தொடமாட்டோம்" என்றேன்.

அவர் உட்காரவில்லை. அப்போது தூங்கி முன்னால் வந்தார். "நாட்டார் எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். இத்தனை வருசமாத் தூங்கின்னு கூப்பிட்டியளே, அப்ப ஒருத்தருக்கும் எம் மானம் தெரியல. அஞ்சலை மவன்னு போட்டா போயிருமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "போடுங்கம்மா."

முதலில் சிரித்தது, எழுந்து நின்ற பெரியவர்தான். அத்தோடு முடிந்தது.

சார் ஜீப்பில் ஏறிய பிறகுதான் வாய் திறந்தார். "விதியில இத்தனை முன்னெழுத்துதான்னு எங்கயும் சொல்லல. குறிப்பு நான் எழுதுறேன், கையெழுத்தும் எனதுதான். கேள்வி வந்தா எனக்கு வரட்டும்." அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் அப்படியே எழுதினார். ஒரு பக்கக் குறிப்பு, அழகான கையெழுத்து.

மற்ற ஊர்களிலும் இப்படிப் பெயர் மோதியவர்களின் தாயார் பெயர்களைக் கேட்டு வாங்கினோம். மேக்ரோ அந்தப் பெயரின் முதல் எழுத்தை எடுத்துச் சேர்க்கவேண்டும். எழுத்தை மட்டும் எடுத்தால் கோவிந்தம்மாள் 'க' ஆகிவிடுவார். அதனால் பக்கத்தில் கொம்போ காலோ இருக்கிறதா என்று பார்த்து அதையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே முதலெழுத்து என்றால் அடுத்த எழுத்தையும் எடுத்துக்கொள்ளும். சார் மாதிரித் தாளுக்குத் தந்த பெயர்களில் தன் அம்மா பெயரையும் சேர்த்திருந்தார். நான் கவனித்தேன், கேட்கவில்லை.

பட்டியலைத் திருப்பி அனுப்பிய மறுநாளே புதுச்சேரி இளைஞர் தொலைபேசினார். "மேடம், மொத்தமும் ஏத்துக்கிச்சு!" அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எங்கள் அறையே கைதட்டியது.

தடைக்காலம் முடிவதற்கு முன்பே அட்டைகள் வந்தன. பட்டினச்சேரியில் நானே போய்க் கொடுத்தேன். அஞ்சலை தன் மகனின் அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். படிக்கத் தெரியாது. "இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்டார். 'அ' மேல் விரலை வைத்துக் காட்டினேன். "இம்மாத்தூண்டா?" என்றார். ஆனால் அட்டையை மகனிடம் உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. கூடத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணிடமும் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அதன் விளைவு சீக்கிரமே தெரிந்தது. படகுகள் இறங்கிய பிறகு ஒரு நாள், ஏலம் முடிந்த கையோடு பத்துப் பதினைந்து பெண்கள் மீன்கூடைகளுடன் எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். வாட்ச்மேன் திகைத்துப்போய் என்னைக் கூப்பிட்டார். பின்னாலேயே சாரும் வந்தார்.

"என்னம்மா, என்ன பிரச்சினை?" என்றேன்.

முன்னால் நின்றவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "அஞ்சலை பேரும் காளியம்மா பேரும் மட்டும் கடலுக்குப் போவுது. ஏன், நாங்கள்லாம் புள்ள பெக்கலையா?"

மற்ற பிள்ளைகளுக்குப் பெயர் மோதவில்லை, அதனால் தேவைப்படவில்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. சார் என்னைக் கையமர்த்தினார். அட்டை புதுப்பிக்கும்போது விருப்பப்பட்ட எல்லோருக்கும் தாயார் எழுத்தையும் சேர்க்கலாம், பெயரை இன்றே எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். பெஞ்சு போடச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். நான் கணினியை வாசல் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு அடித்தேன். அறை முழுக்க மீன் வாசனை, பேச்சு, சிரிப்பு. செருப்பைக் கழற்றச் சொல்ல அன்று யாருக்கும் நினைவில்லை.

கடைசியில் ஒருவர் மட்டும் கூடையை இறக்காமல் நின்றார்.

"உங்க மகன் பேரும்மா?"

"எனக்கு மவன் இல்லைங்க. மூணும் பொண்ணு. கடலுக்குப் போவாது, மீன் விக்கிதுவோ. விக்கிற அட்டையில எம் பேரைப் போடுவியளா?"

அதற்கு உத்தரவு இல்லை, குறிப்பு இல்லை, மீன் விற்கிறவர்கள் பட்டியலே வேறு. நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

"போடுவோம்" என்றார். "மூணு பேரையும் சொல்லுங்க."